உடும்புக் கறியும் தீராத் தலைவலியும்

(கோலார் தங்க வயல், பாலகாட்டில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஊர்வனவற்றிடமிருந்து மனிதருக்குத் தொற்றும் ஒட்டுண்ணிகளைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். பாம்பு, முதலை, ஆமை என்று இந்தப் பட்டியல் நீண்டது. அவற்றைப் பிறகு சுருக்கமாகத் தொட்டுப் போகிறேன். இன்றைய பேச்சில் பெரும்பகுதி உடும்பைப் பற்றியது. நம்மைச் சுற்றியுள்ள முள்ளுக்காட்டிலும் கல் குவியலிலும் திரிகிற பிராணி அது; நம் ஆட்கள் மருந்து என்று நம்பிச் சாப்பிடுவதும் அதைத்தான்.

சொல்ல வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உடும்பைக் கறியாகச் சாப்பிடுகிறவரைவிட மருந்தாகச் சாப்பிடுகிறவருக்குத்தான் ஆபத்து அதிகம். கறி சாப்பிடுகிறவர் மஞ்சளும் மிளகும் அரைத்துப் போட்டு நன்றாகக் கொதிக்கவிடுகிறார். மருந்து சாப்பிடுகிறவரோ, வெந்தால் சத்துப் போய்விடும் என்று பச்சையாகவே விழுங்குகிறார். அந்தப் பச்சையில்தான் புழு உயிரோடு உள்ளே போகிறது.

உடும்பின் ரத்தத்தைச் சூடு ஆறும் முன் குடித்தால் இளைப்பு நிற்கும் என்கிறார்கள். ஈரலைப் பச்சையாகத் தின்றால் உடம்பு தேறும், நாக்கை வாழைப்பழத்துக்குள் வைத்து விழுங்கினால் குரல் வளம் வரும், முதுகுவலிக்கு நல்லது, ஆண்மைக்கு நல்லது என்றும் சொல்வதுண்டு. தமிழ்நாட்டின் வட மாவட்டங்களிலும், கேரளத்திலும், இலங்கையிலும் இதே பேச்சுத்தான் சிறு சிறு மாறுதல்களோடு உலவுகிறது. சுவரைப் பற்றினால் விடாத பிராணி, கல்லிடுக்கில் புகுந்தால் இழுத்தாலும் வராத பிராணி, அதன் பலம் நமக்கும் வரட்டும் என்ற ஆசை இதற்குள் இருக்கிறது. அந்த ஆசையை நான் இகழமாட்டேன். மூச்சுக்காகத் தவிக்கிற ஒருவர் எதைச் சொன்னாலும் செய்து பார்ப்பார்.

மூச்சு என்று சொன்னதும் இந்த ஊரின் கதைக்கு வந்தாக வேண்டும். மைசூர், சாம்பியன் ரீஃப், உரிகம், நந்திதுர்க், பாலகாட் என்று ஐந்து சுரங்கங்களின் பெயரில் வளர்ந்த ஊர் இது. 1880-ஆம் ஆண்டு ஜான் டெய்லர் கம்பெனி வந்ததிலிருந்து 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி சுரங்கம் மூடப்பட்டது வரை, வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலம், தருமபுரி, சித்தூர் பக்கத்திலிருந்தும் வந்த நம் பாட்டன்மார்களும் தகப்பன்மார்களும் பூமிக்கடியில் இறங்கிப் பாறையைத் துளைத்தார்கள். சாம்பியன் ரீஃபில் 3,000 மீட்டருக்கும் கீழே போய் வேலை செய்தார்கள். தங்கம் இருந்தது படிகக் கல்லில். அந்தக் கல்லைத் துளைத்தால் எழுகிற தூசு மூச்சோடு நுரையீரலுக்குள் போய்த் தங்கிவிடும். அதைச் செரிக்கவும் முடியாது, வெளியே தள்ளவும் முடியாது. நுரையீரல் கொஞ்சம் கொஞ்சமாக வடுவாகிக் கெட்டிப்படும். இதுதான் சிலிகோசிஸ். 1940 முதல் 1946 வரை இங்கே 7,653 தொழிலாளர்களைச் சோதித்தபோது நூற்றுக்கு 43.7 பேருக்கு அந்த நோய் இருந்தது. இந்திய மருத்துவ வரலாற்றில் சிலிகோசிஸ் என்று பேசத் தொடங்கினாலே முதலில் வருவது நம் ஊர்ப் பெயர்தான்.

வேலையை விட்டாலும் இந்த நோய் விடாது. சுரங்கம் மூடி இருபது ஆண்டுகளுக்கு மேலாகியும் சுரங்கத் தொழிலாளர்களின் லைன் வீடுகளின் வாசலில் உட்கார்ந்து, நாலு வார்த்தை பேசுவதற்குள் இரண்டு முறை மூச்சு வாங்குகிற பெரியவர்களை நீங்கள் எல்லோரும் பார்க்கிறீர்கள். என் தந்தையும் அப்படி உட்கார்ந்திருந்தவர்தான். வடுவான நுரையீரலைப் பழையபடி ஆக்கும் மருந்து இன்றுவரை இல்லை. டாக்டர் ஒருவர் அதை உள்ளபடி சொல்லிவிட்டால், அடுத்த நாளே பக்கத்து வீட்டுக்காரர் வந்து, “டாக்டர் கிடக்கட்டும், எனக்குத் தெரிந்த ஒருத்தர் உடும்பு ரத்தம் குடித்துத்தான் எழுந்து நடந்தார்” என்பார். அந்தப் பக்கத்து வீட்டுக்காரர் நல்லவர். அன்பினால் சொல்கிறார். அதனால்தான் அவர் பேச்சுக்கு இவ்வளவு வலு.

இனிப் புழுவைப் பார்ப்போம். அதன் அறிவியல் பெயர் ஆஞ்சியோஸ்ட்ராங்கைலஸ் கேன்டோனென்சிஸ். 1935-இல் சீனத்தின் கேன்டன் நகரத்து எலிகளின் நுரையீரலில் சென் என்ற விஞ்ஞானி கண்டறிந்தார்; ஊர்ப் பெயர் புழுவுக்கு ஒட்டிக்கொண்டது. எலி நுரையீரல் புழு என்று தமிழில் சொல்லலாம். எலியிடமிருந்துதான் எல்லாம் தொடங்குகிறது. உடும்பு நடுவில் வந்து சேர்ந்தது.

எலியின் இதயத்திலிருந்து நுரையீரலுக்குப் போகும் ரத்தக் குழாயில் வளர்ந்த புழுக்கள் குடியிருக்கும். பெண் புழு இரண்டு, மூன்று சென்டிமீட்டர் நீளம். ரத்தம் நிறைந்த குடலைச் சுற்றி வெண்மையான கருப்பை சுருண்டு போவதால், சிவப்பும் வெள்ளையுமாக முறுக்கிய கயிறு போலத் தெரியும். அது இடும் முட்டைகள் எலியின் நுரையீரலில் பொரிந்து, குஞ்சுகள் மூச்சுக்குழாய் வழியாக மேலே ஏறி, தொண்டையில் விழுங்கப்பட்டு, எலிப் புழுக்கையோடு வெளியே வரும். அந்தப் புழுக்கையை நத்தை தின்னும். நத்தைக்குள் சில வாரங்களில் இரண்டு முறை தோலுரித்து, அரை மில்லிமீட்டர் நீளமுள்ள, தொற்றத் தகுந்த பருவத்தை அடையும். அந்த நத்தையை இன்னொரு எலி தின்றால் சுற்று முழுமையாகிறது.

இந்தச் சுற்றில் கவனிக்க வேண்டிய ஒரு விஷயம் உண்டு. எலி தின்ற புழு நேராக நுரையீரலுக்குப் போவதில்லை. குடலைத் துளைத்து ரத்தத்தில் கலந்து முதலில் மூளைக்குப் போகிறது. அங்கே இரண்டு, மூன்று வாரம் வளர்ந்து, பிறகுதான் மறுபடி ரத்தத்தில் இறங்கி நுரையீரல் குழாய்க்கு வருகிறது. மூளைக்குப் போவது அதன் பிறவி வழி. மனிதருக்குள் புகுந்தாலும் அதே வழியில்தான் போகிறது. ஆனால் மனித உடலில் அதற்குத் திரும்பி வரத் தெரிவதில்லை. பெரும்பாலும் மூளையுறைகளுக்கு நடுவிலேயே தங்கி அங்கேயே செத்துப்போகிறது. நம் உடம்பு அதை எதிர்த்துப் போராடுகிறது. அந்தப் போராட்டத்தின் வீக்கமும் வேதனையும்தான் நோய்.

உடும்பு எங்கே வருகிறது? நத்தையைத் தின்னும் பிராணிகள் பல. தவளை, நன்னீர் இறால், நண்டு, உடும்பு. புழு இவற்றுக்குள் வளர்வதில்லை, சாவதும் இல்லை. தசைக்குள் புகுந்து, தின்ன வரும் அடுத்த பிராணிக்காகக் காத்துக் கிடக்கும். உடும்பு பல ஆண்டுகள் உயிர் வாழும். ஓராண்டில் அது விழுங்கும் நத்தைகள் ஏராளம். ஒவ்வொன்றிலிருந்தும் வந்த குஞ்சுகள் அதன் உடம்பில் சேர்ந்துகொண்டே போகும். தாய்லாந்தில் 1990-களில் ஐந்து மாகாணங்களிலிருந்து உடும்புகளைப் பிடித்துச் சோதித்தார்கள். கிட்டத்தட்ட எல்லாவற்றிலும் இந்தப் புழு இருந்தது. அது வேறு எங்கோ இருக்கிற உடும்பும் அல்ல. நம் காட்டில் இருக்கிற அதே வங்க உடும்பு இனம்.

நத்தை என்றதும் ஆப்பிரிக்க ராட்சத நத்தையைச் சொல்லாமல் விட முடியாது. 1847-இல் வில்லியம் பென்சன் என்ற ஆங்கிலேயர் மொரீஷியஸிலிருந்து கொண்டுவந்து கல்கத்தாத் தோட்டம் ஒன்றில் விட்டார். அதிலிருந்து பரவி, இன்று கேரளம் முழுக்க, பெங்களூர்த் தோட்டங்கள் வரை, மழை பெய்தால் சுவரில் ஏறுகிற அளவுக்குப் பெருகிவிட்டது. இந்தப் புழுவுக்கு அது மிகவும் உகந்த வீடு. எலிகளைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால், 1980-களின் தொடக்கத்திலேயே மும்பை நகரத்து எலிகளிடம் இந்தப் புழுவைக் கண்டு எழுதியிருக்கிறார்கள். எலி, நத்தை, உடும்பு மூன்றும் ஒரே இடத்தில் இருந்தால் போதும். நான்காவதாக மனிதர் வாயைத் திறந்தால் தொடர் முடிந்துவிடும்.

மனிதரில் இந்த நோய் முதன்முதலில் 1945-இல் தைவானில் பதிவாகியது. ஆனாலும் அந்தச் செய்தி வெளியுலகுக்குப் பரவவில்லை. 1960-களின் தொடக்கத்தில் ஹவாயில் இறந்த நோயாளியின் மூளையில் லியோன் ரோசனும் அவருடைய தோழர்களும் இந்தப் புழுவைக் கண்டெடுத்த பிறகுதான், பசிபிக் தீவுகளில் வந்துபோன விளங்காத மூளைக்காய்ச்சலுக்குக் காரணம் இதுவே என்று உறுதியாயிற்று. நம் பக்கத்துக்கு வருவோம். 2005-இல் இலங்கை மருத்துவ இதழில், உடும்புக் கறி சாப்பிட்ட ஒருவருக்கு வந்த மூளையுறை அழற்சியைப் பற்றிக் கொழும்பு மருத்துவர்கள் எழுதினார்கள். 2006-இல் கேரளத்து நரம்பியல் மருத்துவர் ஒருவர் தென்னிந்திய நோயாளிகளின் தொடரை வெளியிட்டார். அங்கும் பச்சை உடும்புதான் முன்னால் நின்றது. 2008-இல் திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரை திருநாள் மருத்துவ நிறுவனத்தார், கேரளத்து நோயாளி ஒருவரின் கண்ணுக்குள்ளேயே புழு இருந்ததைப் படத்தோடு காட்டினார்கள். கண்ணில் வந்தால் பார்வை போகலாம்.

நோய் எப்படி வரும்? ஒருவர் ஞாயிற்றுக்கிழமை உடும்பு ரத்தமும் பச்சை ஈரலும் சாப்பிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அன்று ஒன்றும் ஆகாது. சிலருக்கு வயிற்று வலியோ வாந்தியோ வந்து அடங்கிவிடும். ஒரு வாரமோ இரண்டு வாரமோ, சிலருக்கு ஐந்து வாரம் வரையிலோ கழித்துத் தலைவலி தொடங்கும். சாதாரணத் தலைவலி அல்ல. நெற்றியில் தொடங்கித் தலை முழுக்கப் பிளக்கும். மெடிக்கலில் வாங்கிய மாத்திரை ஒன்றுக்கும் அசையாது. கழுத்து விறைக்கும். வாந்தி வரும். காய்ச்சல் பெரும்பாலும் இருக்காது, அல்லது லேசாக இருக்கும். இன்னொரு அடையாளம்: உடம்பில் அங்கங்கே தோல் எரியும், ஊசி குத்தும், துணி பட்டாலே கூசும். சட்டையைப் போட முடியவில்லை என்று ஒரு நோயாளி சொன்னால், அதை மனப்பிரமை என்று தள்ளிவிடக் கூடாது. சிலருக்கு இரட்டைப் பார்வை வரும். நோய் முற்றிப் புழுக்கள் மூளைக்குள்ளேயே புகுந்தால் மயக்கம், பக்கவாதம், மரணம் வரை போகலாம். பெரும்பாலானவர்கள் பிழைத்துவிடுகிறார்கள். ஆனால் வாரக்கணக்கில் படுகிற வேதனை லேசானதல்ல.

இந்த நோயாளி எங்கே போவார்? முதலில் ராபர்ட்சன்பேட்டையில் தெரிந்த கிளினிக். பிறகு கோலார். பிறகு ரயிலேறிப் பெங்களூர். பாதி ஊரே தினமும் வேலைக்குப் போய்வருகிற அதே ரயில். வழியெங்கும் மருத்துவர்கள் ஒரு கேள்வியைக் கேட்கிறார்கள்: காசநோய் இருந்ததா? நம் ஊருக்கு இது நியாயமான கேள்வி. சிலிகோசிஸ் உள்ளவருக்குக் காசநோய் சுலபமாக வரும். வாரக்கணக்கில் தலைவலி, வாந்தி, கழுத்து விறைப்பு என்றால், காசநோய் மூளையுறை அழற்சிதான் முதலில் நினைவுக்கு வர வேண்டும்; அதைத் தவறவிட்டால் உயிர் போகும். ஆனால் அதோடு கேள்வி நின்றுவிடக் கூடாது. என்ன சாப்பிட்டீர்கள், கடந்த ஒரு மாதத்தில் பச்சையாக ஏதாவது சாப்பிட்டீர்களா, நத்தை, நண்டு, உடும்பு, நாட்டு மருந்து ஏதாவது என்ற கேள்வி அடுத்து வர வேண்டும். கேட்க அரை நிமிடம் ஆகும். கேட்காமல் விட்டால் ஒருவர் ஒன்பது மாதமோ ஒரு வருடமோ தேவையில்லாமல் காசநோய் மாத்திரை விழுங்க வேண்டி வரலாம்.

முதுகுத் தண்டிலிருந்து நீர் எடுத்துச் சோதிப்பதுதான் இதற்கு வழி. இந்த இடத்தில் நம் மக்கள் பயந்து எழுந்து வந்துவிடுகிறார்கள். முதுகில் ஊசி போட்டால் கால் விளங்காமல் போய்விடும் என்ற பேச்சு எல்லா வார்டிலும் இருக்கிறது. அது உண்மையல்ல. நீர் எடுக்கும் இடத்தில் தண்டுவடமே இல்லை. அது அதற்கு மேலேயே முடிந்துவிடுகிறது. இந்த நோயில் ஒரு நன்மையும் சேர்ந்து நடக்கிறது: நீரை எடுத்ததும் மண்டைக்குள் அழுத்தம் குறைந்து தலைவலி தணிகிறது. நோயை அறியச் செய்த சோதனையே பாதி மருந்தாகிவிடுகிறது.

எடுத்த நீரை என்ன செய்கிறார்கள் என்பதும் முக்கியம். ஆய்வகத்தில் வேலை பார்க்கும் தம்பி, தங்கைகள் இங்கே இருக்கிறீர்கள். உங்களுக்காகக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். அணுக்களை எண்ணி மட்டும் அனுப்பிவிட்டால் போதாது. நீரைச் சுழற்றி, அடியில் படிந்ததைக் கண்ணாடித் தகட்டில் தடவி, உலர்த்தி, லீஷ்மன் சாயமோ ஜீம்சா சாயமோ ஏற்றிப் பாருங்கள். இரண்டு மடலாகப் பிரிந்த கருவும், அதைச் சுற்றி ஆரஞ்சுச் சிவப்பில் பருத்த மணிகளும் நிறைந்த வெள்ளணுக்கள் தெரியும். அவை ஈயோசினோஃபில். ஆரோக்கியமானவரின் தண்டுவட நீரில் அவை இருக்கவே கூடாது. ஒரு கனமில்லிமீட்டரில் 10-க்கு மேல் இருந்தாலோ, மொத்த வெள்ளணுக்களில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் இருந்தாலோ, ஒட்டுண்ணியை நினைத்தே ஆக வேண்டும். சாயம் ஏற்றாமல் பார்த்தால் இந்த அணு மற்ற அணுக்களோடு கலந்து கண்ணுக்குத் தப்பிவிடும். புழுவே நீரில் வருவது அபூர்வம். ஆகவே புழு தெரியவில்லை என்பதால் நோய் இல்லை என்று எழுதிவிடாதீர்கள்.

இதற்கு மருந்து என்ன என்று கேட்டால், இங்கேதான் பலரும் தடுக்கி விழுகிறார்கள். புழு என்றதும் பூச்சி மாத்திரை என்று கை போகிறது. மெடிக்கலில் சீட்டு இல்லாமலேயே வாங்கலாம். நான் முதலில் சொன்ன 2005-ஆம் ஆண்டு இலங்கை நோயாளிக்குப் பூச்சி மருந்து கொடுத்தபின் நோய் தணியவில்லை, கூடியது. காரணம் புரிந்துகொள்ளக் கூடியதுதான். மூளையுறையில் கிடக்கும் புழுக்கள் ஒரே நேரத்தில் செத்தால், அவற்றின் சிதைவுப் பொருள்கள் ஒரே நேரத்தில் வெளிப்பட்டு அழற்சி பொங்குகிறது. எனவே உடும்பு சாப்பிட்டவர் தலைவலி வந்ததும் தானாகப் பூச்சி மாத்திரை போட்டுக்கொள்ளக் கூடாது. மருத்துவர் கொடுப்பதானால், அழற்சியை அடக்கும் ஸ்டீராய்டின் பாதுகாப்போடுதான் கொடுப்பார். ஸ்டீராய்டின் பயன் நிரூபிக்கப்பட்டது. தாய்லாந்தின் கோன் கேன் நகரத்து மருத்துவர்கள் 2000-ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், இரண்டு வாரம் பிரட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு எடுத்தவர்களுக்குத் தலைவலி சராசரியாக 5 நாளில் தீர்ந்தது. எடுக்காதவர்களுக்கு 13 நாள் ஆயிற்று. ஆனால் ஸ்டீராய்டையும் தானாக விழுங்கக் கூடாது. மறைந்திருக்கும் காசநோயை அது கிளப்பிவிடும். நம் ஊர் நுரையீரல்களுக்கு அந்த எச்சரிக்கை இரட்டிப்பாகப் பொருந்தும்.

இப்போது மற்ற ஊர்வனவற்றைச் சுருக்கமாகப் பார்த்துவிடுகிறேன். மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவில் பாம்புக் கறி சாப்பிடுகிறவர்களிடம் ஆர்மிலிஃபர் என்ற ஒட்டுண்ணி காணப்படுகிறது. பார்க்கப் புழு மாதிரி இருந்தாலும், இறால், நண்டு வகையோடு உறவுள்ள உயிர் அது. பாம்பின் மூச்சுப்பாதையில் வாழ்கிறது. முட்டைகள் பாம்பின் சளியிலும் எச்சத்திலும் வெளிவருவதால், பாம்பை உரிக்கிறவர் கையிலும் ஒட்டும். வயிற்று எக்ஸ்ரேயில் அரைவட்டமாகச் சுருண்ட சுண்ணாம்புப் புள்ளிகளைக் கண்டு பலமுறை தற்செயலாகத்தான் கண்டுபிடிக்கிறார்கள். சீனம், கொரியா பக்கத்தில் பச்சைப் பாம்பு, தவளை இறைச்சியால் வருவது ஸ்பார்கனம் என்ற நாடாப்புழுவின் இளம் பருவம். இங்கிலாந்தில் இருந்த ஒருவரின் மூளைக்குள் அது நான்கு ஆண்டுகளில் 5 சென்டிமீட்டர் நகர்ந்ததை அடுத்தடுத்து எடுத்த ஸ்கேன்களில் பார்த்து 2014-இல் எழுதினார்கள். முதலையிலும் ஆமையிலும் டிரைக்கினெல்லா என்ற புழு உண்டு. 2008-இல் தைவானில் மெல்லோட்டு ஆமையைப் பச்சையாகச் சாப்பிட்டவர்களுக்கு அது வந்தது.

ஆஸ்திரேலியச் சம்பவம் ஒன்று உலகம் முழுக்கப் பேசப்பட்டது. 2022 ஜூனில் கான்பெராவில், 64 வயதுப் பெண் ஒருவரின் மூளையில் ஏதோ கட்டி என்று நினைத்து அறுவை செய்த டாக்டர் ஹரி பிரியா பண்டி, 8 சென்டிமீட்டர் நீளமுள்ள உயிருள்ள சிவப்புப் புழுவை வெளியே எடுத்தார். மலைப்பாம்பின் உணவுக்குழாயிலும் இரைப்பையிலும் வாழும் புழு அது. மனிதரிடம் அதற்கு முன் கண்டதே இல்லை. அந்தப் பெண் பாம்பைத் தொட்டதும் இல்லை, தின்றதும் இல்லை. பாம்புகள் நடமாடும் ஏரிக்கரையில் கீரை பறித்துச் சமைக்கும் பழக்கம் இருந்தது. கீரையில் ஒட்டியிருந்த முட்டைகள் வழியே வந்திருக்கலாம் என்று மருத்துவர்கள் கருதினார்கள். அந்தப் புழு நம் நாட்டுப் பாம்பினுடையது அல்ல. ஆனால் கீரை பறிக்கிற கை நம்முடையதும்தான். ஏரிக்கரையிலோ வயல் வரப்பிலோ பறித்த கீரையில் விரல்நுனி அளவுக் குட்டி நத்தை ஒட்டியிருந்தால், எலி நுரையீரல் புழுவும் அந்த வழியாக வரலாம். இலை இலையாகப் பிரித்து ஓடும் தண்ணீரில் கழுவி, வேகவைத்துச் சாப்பிட்டால் பயமில்லை. பச்சையாக அரைத்துக் குடிக்கும் கீரைச் சாற்றுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது.

உடும்பு விஷயத்துக்குத் திரும்புகிறேன். நோயாளிகள் ஏன் மருத்துவரிடம் சொல்வதில்லை? இரண்டு காரணம். ஒன்று, சட்டம். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உடும்பு இருக்கிறது. புலிக்கும் யானைக்கும் உள்ள அதே பாதுகாப்பு. பிடித்தாலும், விற்றாலும், கறியை வைத்திருந்தாலும் குறைந்தது மூன்று ஆண்டு, அதிகபட்சம் ஏழு ஆண்டு சிறை. இந்தச் சட்டம் சரியானது என்பதில் எனக்கு ஐயமே இல்லை. எலிகளையும் நத்தைகளையும் தின்று நமக்கு நன்மை செய்யும் பிராணியை, இல்லாத மருந்துக்காக அழிக்கக் கூடாது. ஆனால் சட்டத்தின் பயம் மருத்துவமனை வாசல் வரை வந்து நின்று, நோயாளியின் வாயை அடைத்துவிடுகிறது. மருத்துவரின் வேலை நோயை அறிவது. ‘நீங்கள் சொல்வது இந்த அறையோடு இருக்கும், எனக்குச் சிகிச்சைக்காகத் தெரிய வேண்டும்’ என்று மருத்துவர் வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

இரண்டாவது காரணம், வெட்கம். உடும்பு தின்கிறவர் என்றால் இன்ன சாதி, இன்ன தெரு என்று முத்திரை குத்துகிற வழக்கம் இருக்கிறது. அது பொய், கொடுமையும்கூட. காட்டோடு வாழ்ந்த மக்கள் தலைமுறை தலைமுறையாகக் கறியைச் சுட்டும் வேகவைத்தும்தான் சாப்பிட்டார்கள். பச்சை ரத்தத்துக்குக் காசு கொடுத்து ஆள் அனுப்புகிறவர்களில் காரில் வருகிறவர்களும் உண்டு. வார்டில் ஒரு நர்ஸ் முகம் சுளித்தால் போதும், அந்த நோயாளி உண்மையைச் சொல்லமாட்டார். அவருக்கு அடுத்த படுக்கைக்காரரும் சொல்லமாட்டார்.

வீட்டில் செய்ய வேண்டியது அதிகமில்லை. எந்தக் காட்டுப் பிராணியின் ரத்தத்தையும், ஈரலையும், நாக்கையும் பச்சையாக உண்ண வேண்டாம். எலுமிச்சை, மிளகாய், உப்பு, சாராயம் எதுவும் இந்தப் புழுவை நம்பிக்கையாகக் கொல்லாது. சாராயத்தில் ஊறவைத்தால் சுத்தமாகிவிடும் என்பது தவறு. கொதிக்கிற நீரில் மூன்று முதல் ஐந்து நிமிடம் முழுமையாக வெந்தால் புழு சாகும். மைனஸ் 15 டிகிரியில் ஒரு நாள் முழுக்க உறைந்திருந்தாலும் சாகும். ஆனால் வீட்டு ஃபிரிட்ஜின் மேல்தட்டு அந்தக் குளிரை எப்போதும் எட்டும் என்று நம்பிவிடாதீர்கள். நண்டு, நன்னீர் இறால், நத்தை எதுவானாலும் இதே விதி. வெட்டிய கத்தியையும் பலகையையும் சோப்புப் போட்டுக் கழுவாமல் அதே பலகையில் வெங்காயம் நறுக்க வேண்டாம். குழந்தைகள் மழைக்காலத்தில் நத்தையைப் பிடித்து விளையாடினால் அடிக்க வேண்டியதில்லை. கையைக் கழுவ வையுங்கள்.

மூச்சு வாங்குகிற பெரியவர்களுக்கு உடும்புக்குப் பதில் என்ன தருவது என்ற கேள்வியை விட்டுவிட்டு நான் மேடையை விட்டு இறங்கக் கூடாது. வடுவான நுரையீரல் திரும்பாது என்பது உண்மை. ஆனால் ஒன்றும் செய்ய முடியாது என்பது உண்மையல்ல. இருமலும் சளியும் இரண்டு வாரத்துக்கு மேல் போனால் சளிப் பரிசோதனை இலவசம். காசநோய் இருந்தால் அதைக் குணப்படுத்தலாம், குணப்படுத்தினால் மூச்சுத் தவிப்பும் ஓரளவு குறையலாம். மூச்சுக்குழாய் சுருங்கியவர்களுக்கு இன்ஹேலர் உதவும். அதைச் சரியாக இழுக்கக் கற்றுக்கொடுத்தால்தான் உதவும், ஆகவே நர்ஸிடம் செய்து காட்டச் சொல்லிக் கேளுங்கள். ஃப்ளூ, நிமோனியா தடுப்பூசிகள் இருக்கின்றன. பீடியை நிறுத்துவது எந்த ரத்தத்தையும்விடப் பலன் தரும். உதட்டைக் குவித்து மெதுவாக மூச்சை விடும் பயிற்சியைப் பிசியோதெரபிஸ்ட் பத்து நிமிடத்தில் சொல்லிக்கொடுப்பார். சுரங்கத்தில் வேலை பார்த்த சான்று, பழைய எக்ஸ்ரே, ஓய்வூதியக் காகிதம் எதையும் தூக்கி எறியாமல் ஒரே பையில் வைத்து, மருத்துவரைப் பார்க்கும்போதெல்லாம் எடுத்துப் போங்கள். எத்தனை ஆண்டு, எந்தச் சுரங்கத்தில், என்ன வேலை என்று சீட்டின் மேல் எழுதச் சொல்லிக் கேளுங்கள்.

கடைசியாக, இங்கே யாராவது அண்மையில் பச்சையாகச் சாப்பிட்டிருந்தால், அவர்களுக்கு ஒரு வார்த்தை. பயப்பட வேண்டாம், சாப்பிட்ட எல்லோருக்கும் நோய் வருவதில்லை. தானாக எந்த மாத்திரையும் போட வேண்டாம். சாப்பிட்ட தேதியை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அதிலிருந்து ஐந்து வாரத்துக்குள் விடாத தலைவலியோ, வாந்தியோ, தோல் எரிச்சலோ, இரட்டைப் பார்வையோ வந்தால் அன்றே பெரிய மருத்துவமனைக்குப் போங்கள். உள்ளே போனதும் முதல் வாக்கியமாக, என்ன சாப்பிட்டீர்கள், என்றைக்குச் சாப்பிட்டீர்கள் என்பதைச் சொல்லிவிடுங்கள்.